நிற்க...

அந்தக் காலத்துக் கடிதங்களில் ஒரு சம்பிரதாயம் உண்டு. 'இங்கு யாவரும் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல். நிற்க...' என்று எழுதிவிட்டு அடுத்த பாராவில்தான் விஷயத்துக்கே வருவார்கள். கைமாற்று கேட்பது, பெண்ணுக்கு வரன் விசாரிப்பது, பங்காளி மேல் புகார்... எல்லாமே 'நிற்க'வுக்கு அப்புறம்தான்.

எங்கள் வீட்டுப் பத்மினி சமாசாரமும் கிட்டத்தட்ட அப்படித்தான். அது நிற்காமல் போன அன்றைக்குத்தான் குடும்பத்தில் பல விஷயங்கள் பேச்சுக்கு வந்தன. ஒன்றே ஒன்று மட்டும் வரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பத்மினி என்றதும் 'தில்லானா மோகனாம்பாள்' ஞாபகத்தில் நிமிர்ந்து உட்காரும் பெரியவர்கள் மன்னிக்கவும். இது பிரீமியர் பத்மினி. 1985 மாடல், வெளிர் நீலம். அப்பா பாங்க்கில் ஆபீஸராக இருந்தபோது லோன் போட்டு, புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து எடுத்த வண்டி. நான் பிறந்தது 1987-ல். ஆகவே வீட்டில் சீனியாரிட்டி அதற்குத்தான். எனக்குக் காய்ச்சல் என்றால் அம்மா பார்ப்பாள். பத்மினிக்கு இருமல் என்றால் அப்பா லீவு போடுவார்.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர், முன்னால் சோபா மாதிரி ஒரே சீட், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். இந்தக் கடைசி ஐட்டத்தை மனசில் குறித்துக் கொள்ளுங்கள்.

நான் பி.காம். படித்தவன் என்பதால், அப்பா ரிடையரானதும் பத்மினியின் வரவு செலவு என் பொறுப்புக்கு வந்தது. வரவு எது? செலவு மட்டும்தான். 2023 ஏப்ரலில் பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். "பிரேக் லைனிங் தேய்ஞ்சு போச்சு சார். நீங்களே வாங்கிக் குடுத்தா மாட்டிடறேன்" என்றார் மெக்கானிக். கடைக்குப் போனேன். நல்ல கம்பெனி லைனிங் நாலு சக்கரத்துக்கும் 1,950 ரூபாய். பக்கத்திலேயே பெயர் தெரியாத அட்டைப் பெட்டியில் இன்னொரு செட், 600 ரூபாய். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார், டப்பாவுக்குத்தான் காசு" என்றார்.

ஒரு காமர்ஸ் பட்டதாரி இதைக் கேட்டபிறகு என்ன செய்வான்? 1,350 ரூபாயை மிச்சம் பிடித்தேன். "பிரேக் ஆயிலும் மாத்திடலாமா?" என்று மெக்கானிக் கேட்டதற்கு, "அது பாட்டுக்கு இருக்கட்டும், லெவல் சரியாத்தானே இருக்கு" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "எல்லாம் ஒரிஜினல்ப்பா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "சரி" என்றார்.

* * *

மே மாதம் சேலத்தில் அத்தை பேத்தி கல்யாணம். முடிந்த மறுநாள், "இவ்வளவு தூரம் வந்துட்டு ஏற்காடு போகலைன்னா எப்படி?" என்றாள் என் மனைவி. அம்மா கல்யாண வீட்டிலேயே தங்கிவிட, அப்பா ஓட்ட, முன்சீட்டில் மச்சான், பின்னால் நான், மனைவி, மகள்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். சாஃப்ட்வேர்க்காரர். புத்தம்புது வண்டி வைத்திருக்கிறார். அதில் நாலெழுத்து மூணெழுத்து வசதிகள் ஏராளம். "மாமா, உங்க வண்டியில ஏபிஎஸ் இருக்கா?" என்று அப்பாவைக் கேட்டுவிட்டு அவரே சிரித்துக் கொள்வார்.

ஏறும்போது பிரச்னை இல்லை. பத்மினி பெருமூச்சு விட்டுக்கொண்டே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிட்டது. ஏரி, படகு, மிளகாய் பஜ்ஜி எல்லாம் முடிந்து மத்தியானம் மூன்று மணிக்கு இறக்கம்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள். பௌதிகத்துக்கும் எனக்கும் பத்தாவதோடு விவாகரத்து ஆகிவிட்டது. பிற்பாடுதான் உட்கார்ந்து படித்தேன். பிரேக் என்பது சுத்தமான டபுள் எண்ட்ரி சமாசாரம். ஓடுகிற வண்டிக்கு 'ஓட்டம்' என்று ஒரு கணக்கில் இருப்பு இருக்கிறது. நிறுத்தினால் அந்த இருப்பு மாயமாக மறைந்துவிடாது, இன்னொரு கணக்குக்கு மாற்றியாக வேண்டும். அந்தக் கணக்கின் பெயர் உஷ்ணம். பிரேக் செய்கிற வேலை மொத்தமும் இந்த டிரான்ஸ்ஃபர்தான். வேகம் இரண்டு மடங்கானால் இருப்பு நாலு மடங்கு. கந்துவட்டிகூட இப்படி ஏறாது!

சமதரையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து முழுக்க நிறுத்தினால் ஒரு எண்ட்ரி. ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு 1,000 மீட்டர் இறக்கம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவ்வளவையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், 60-லிருந்து வண்டியை எழுபது தடவை நிறுத்தியதற்குச் சமம். வண்டி பெரிசா சின்னதா என்பதெல்லாம் கணக்கில்லை, விகிதம் அதேதான். அதுவும் நடுவில் ஆறுவதற்கு அவகாசம் இல்லாமல், அரைமணி நேரத்துக்குள். இதனால்தான் ஏறின கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்போது பாதிச் சுமையை எஞ்சின் வாங்கிக் கொள்ளும்.

அப்பா அப்படித்தான் செகண்ட் கியரில் இறங்கிக் கொண்டிருந்தார். ஆனால் மே மாதக் கூட்டம். முன்னால் ஒரு வேன். அவன் நின்றால் நாமும் நிற்க வேண்டும், நகர்ந்தால் நகர வேண்டும்.

பன்னிரண்டாவது வளைவில் ஒரு வாசனை வந்தது. ரப்பரும் தலைமுடியும் சேர்ந்து கருகுகிற மாதிரி. "யாரோ குப்பை கொளுத்தறாங்க" என்றாள் மனைவி. நானும் ஜன்னல் வழியே குப்பையைத் தேடினேன்.

அடுத்த நிமிஷம் அப்பாவின் வலது கால் ஏறி இறங்க ஆரம்பித்தது. தையல் மெஷின் மிதிப்பதுபோல. முதுகில் மட்டும் அசைவில்லை. கியர் ஒன்றுக்கு விழுந்தது, எஞ்சின் அலறியது. இடது பக்கம் மண்மேடாக அகலமான இடம் ஒன்று வந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை அதில் சாய்த்து, மேட்டில் ஒரு சக்கரம் ஏறி... நின்றுவிட்டது.

"வண்டி சூடாயிடுச்சு. கொஞ்சம் ஆறட்டும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அப்பா இறங்கினார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. மகள் குரங்கு பார்க்க ஓடினாள்.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் பெடலை அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. எங்கே போயிருந்ததோ, பிரேக் திரும்பி வந்துவிட்டது! முதல் கியரிலேயே ஊர்ந்து சேலம் வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தானே சார் பிடிக்குது?" என்றார்.

மச்சானுக்கு அது போதும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "நான் பக்கத்துலேர்ந்து பார்த்தேன். பிரேக்ல ஒண்ணும் இல்லே. மாமாவுக்குக் கால்ல பலம் குறைஞ்சு போச்சு. எழுபத்திரண்டு வயசு. கீழே குழந்தை இருக்கு, யோசிக்கணும்..."

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கு ஒரு விஷயம் தெரியும். அட்டைப் பெட்டி. 600 ரூபாய். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். நான் மோரை எடுத்துக் குடித்தேன்.

"ஆமாம்ப்பா. வயசாச்சு இல்லே?" என்றார் அப்பா. சென்னைக்குத் திரும்பியபோது ஆக்டிங் டிரைவர் ஒருவர் ஓட்டி வந்தார். சாவி பூஜை ரூம் ஆணியில் ஏறியது. பத்மினிக்குப் போர்வை போர்த்தினோம்.

* * *

நாலு மாசம் அப்பா காய்கறி வாங்க நடந்து போனார். காலையில் மட்டும் போர்வையை விலக்கி, ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, மறுபடி போர்த்திவிட்டு வருவார். அந்தப் பத்து நிமிஷம் நான் பாத்ரூமில் இருக்கும்படி பார்த்துக் கொண்டேன்.

அக்டோபரில் ஒருநாள் டி.வி.யில், பம்பாயின் கடைசி பத்மினி டாக்ஸியும் சாலையிலிருந்து விடைபெறுகிறது என்று காட்டினார்கள். 2003-ல் பதிவான வண்டியாம், இருபது வருஷக் கெடு முடிந்துவிட்டதாம். அப்பா சேனலை மாற்றவில்லை. முழுசாகப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் படுத்துக் கொண்டார். மணி ஏழரைதான்.

மறுநாள் நான் ஒர்க்‌ஷாப் படியேறினேன்.

முதலில் போன இடத்தில், "டிரம்மையெல்லாம் தூக்கிக் கடாசுங்க சார். முன்னாடி ரெண்டு டிஸ்க், ஒரு பூஸ்டர். வேற வண்டி அயிட்டம் இருக்கு, வெல்டு பண்ணி உக்கார வெச்சுடலாம்" என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வெல்டு என்ற வார்த்தைதான் உறுத்தியது. இத்தாலியில் இதே ஃபியட் 1100-ன் அடுத்த மாடலுக்கு 1966-லேயே முன்பக்கம் டிஸ்க் வந்துவிட்டது. அதற்கப்புறமும் நம்மூரில் டிரம்மோடுதான் வண்டி வந்து கொண்டிருந்தது. ஆனால் டிஸ்க்கை மட்டும் மாற்றினால் போதாது. அதற்கு அழுத்தம் அதிகம் தேவை, மாஸ்டர் சிலிண்டர் மாறவேண்டும், முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் பங்கு சரியாக விழவேண்டும். ஒன்றை மாற்றினால் நாலை மாற்ற வேண்டியிருக்கும், கல்யாணத்துக்குப் புதுச் சட்டை எடுத்த கதைதான். ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பணமும் படிப்பும் வேண்டும். பூஸ்டர் விஷயம் இன்னும் வேடிக்கை. அது காலுக்குத்தான் பலம் தரும். கருகின லைனிங்கைப் பூஸ்டர் வைத்து அமுக்கினால், கருகின லைனிங்தான் இன்னும் பலமாக அமுங்கும்.

இரண்டாவதாகப் போனது புதுப்பேட்டைப் பக்கம், ஒரு சந்துக்குள் இருந்த பாய் ஒர்க்‌ஷாப். பாய்க்கு அப்பா வயசு இருக்கும். கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "பிரேக் ஆயில் கடைசியா எப்போ மாத்தினீங்க தம்பி?"

எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள வழி இருந்தது. அப்பா 1985-லிருந்து பத்மினிக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார். பெட்ரோல், பஞ்சர், பல்ப் எல்லாம் தேதிவாரியாக. பாங்க்காரர் புத்தி. அவர் கோயிலுக்குப் போன நேரத்தில் அலமாரியிலிருந்து எடுத்தேன். பிரேக் ஆயில் மாற்றியது 2016. சரி என்று மூடப் போனவன், சும்மா கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

ஏற்காட்டிலிருந்து வந்த நாலாவது நாள் தேதி போட்டு இப்படி எழுதியிருந்தது:

'இடது பின் டிரம் கழற்றிப் பார்த்தேன். லைனிங் கருகியிருக்கிறது. மட்ட சரக்கு. ஆயில் மாற்றவில்லை. பையனிடம் கேட்க வேண்டாம். மருமகள் முன்னால் சங்கடப்படுவான்.'

கீழே வழக்கம்போல கையெழுத்து. எதிரே செலவுக் காலத்தில், 'இல்லை' என்று ஒரு கோடு.

நான் நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். கொஞ்ச நேரம் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

* * *

பாய் டிரம்மைக் கழற்றியபோது நான் பக்கத்திலேயே குந்தியிருந்தேன். பையன் ஒருவன் காற்றுக் குழாயை எடுத்து வந்து தூசியை ஊதப் போனான். பாய் கத்தினார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியை ஊதிவிட்டால் நேரே நுரையீரலுக்குத்தான் போகும். ஈரத்துணியால் துடைத்து எடுத்தார்கள்.

டிரம் பிரேக்கை இதுவரை உள்ளே பார்க்காதவர்களுக்காக: கவிழ்த்துப் போட்ட இட்லிப் பானையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பானை சக்கரத்தோடு சுற்றும். உள்ளே பிறைச்சந்திரன் வடிவத்தில் இரண்டு ஷூ, அவற்றின் முதுகில் லைனிங். பெடலை அமுக்கினால் பிரேக் ஆயில் அழுத்தத்தைக் கொண்டுபோய், சக்கரத்தில் இருக்கும் சின்ன சிலிண்டரைத் தள்ள, ஷூ விரிந்து பானையின் உட்சுவரைப் பிடிக்கும். உஷ்ணம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும் என்பதுதான் இதன் குறை. டிஸ்க் திறந்த தோசைக்கல். இது மூடின பானை.

ஆனால் டிரம்முக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. சைக்கிள் சக்கரத்தில் புடவைத் தலைப்பு மாட்டினால், சக்கரமே அதை மேலும் மேலும் உள்ளே இழுக்குமே, அதுபோல, சுழற்சியின் திசையில் விரிகிற ஷூவை டிரம்மே தன் பக்கம் இழுத்துக் கொள்ளும். நாம் கொடுத்தது ஒரு பங்கு என்றால் அது தானாகக் கொஞ்சம் சேர்த்துக் கொள்ளும். பூஸ்டர் இல்லாத பத்மினியைச் சாதாரண மனுஷன் காலால் நிறுத்த முடிவது இதனால்தான். இதே காரணத்தால் லைனிங்கின் பிடிமானம் கொஞ்சம் குறைந்தாலும் பிரேக் நிறையக் குறையும். மட்ட லைனிங் போட்டால் தண்டனை வட்டியோடு வரும் என்று அர்த்தம்.

பாய் ஒவ்வொன்றாகக் காட்டினார். டீச்சர் பரீட்சைப் பேப்பரைத் திருப்பிக் கொடுப்பது போலிருந்தது.

லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தது. "பாக்க அழகா கீதில்ல? இதான் வழுக்கறது" என்றார். இடது பின் சக்கரத்தில் ஆக்ஸில் ஆயில் சீல் கசிந்து, லைனிங் எண்ணெய்க் குளியல் எடுத்திருந்தது. பிரேக் ஆயிலைப் பாட்டிலில் இறக்கினார், டிகாக்‌ஷன் நிறம். "இது காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சுக்கினே இருக்கும் தம்பி. உங்க வூட்டு உப்பு ஜாடி மாதிரி. மெட்ராஸ்ல கேக்கணுமா?"

இங்கேதான் ஏற்காட்டு மர்மம் எனக்கு விளங்கியது. டாட் 3 ரக ஆயில் புதுசாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அதே ஆயிலுக்கு விதி சொல்லும் அளவு 140 டிகிரிதான். ஏழு வருஷம் ஈரம் குடித்த ஆயிலை, கருகுகிற டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தால் கொதித்து ஆவியாகும். ஆயிலை அமுக்கினால் சுருங்காது; ஆவியை அமுக்கினால் சுருங்கும். கால் கீழே போகும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், பெடல் கல்லாகிவிடும். அப்புறம் எந்த மெக்கானிக் பார்த்தாலும் 'நல்லாத்தானே சார் இருக்கு' என்றுதான் சொல்வார். பழி, பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு காலின் மேல் விழும்.

வேலை எட்டு நாள் நடந்தது. டிரம் நாலையும் கடைசல் பட்டறைக்கு எடுத்துப் போனோம். உட்சுவரில் வரப்பு வெட்டியிருந்தது. லேத்தில் லேசாகக் கடைந்து வட்டத்தைச் சரிசெய்தார்கள். இதற்கு ஓர் எல்லை உண்டு. ரொம்பக் கடைந்தால் டிரம் மெலிந்து, சூட்டைத் தாங்காது, சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும். இடதும் வலதும் ஒரே அளவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

லைனிங் இந்தத் தடவை நல்ல கம்பெனி சரக்கு. ஷூவில் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு ரிவெட் அடித்துக்கொண்டு போனார்கள். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் தூக்கிக் கொள்ளுமாம். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பாய் சிரித்தார். பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தார்! டிரம்மின் உட்சுவரில் பூசி, ஷூவை அதற்குள் வைத்து ஒரு தேய் தேய்த்துக் காட்டினார். லைனிங்கின் நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் வெள்ளை ஒட்டியிருந்தது.

"டிரம்மு கடைஞ்சதுல பெரிசாயிட்ச்சு. லைனிங்கு பழைய வளைவுலயே கீது. மூணு விரல்தான் பிடிக்கும். மிச்சம் எல்லாம் சும்மா பார்த்துக்கினு நிக்கும்."

எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தது. நான் இப்போது எந்த ஆபீஸிலும் இல்லை என்பது வேறு விஷயம்.

லைனிங்கை டிரம்மின் வளைவுக்கு ஏற்றபடி தேய்த்து, மறுபடி சாக்பீஸ், மறுபடி தேய்ப்பு. ஒரு ஷூவுக்கு அரைமணி. மொத்தம் எட்டு ஷூ. முழு முகத்திலும் வெள்ளை ஒட்டுகிற வரை விடவில்லை. டிரம் பிரேக் மட்டம் என்று பேசுகிறவர்களில் எத்தனை பேர் வண்டிக்கு இந்த வேலை நடந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இந்தச் சாக்பீஸ் சடங்குக்கு யாரும் பில் போடுவதில்லை, போட்டாலும் என்னைப் போன்ற பி.காம்.கள் கொடுப்பதில்லை.

ஆயில் சீல், சிலிண்டர் ரப்பர்கள், ஹோஸ்கள் எல்லாம் புதுசு. வெளியே ஒரு கீறல் இல்லாத பழைய ஹோஸை பாய் வெட்டிக் காட்டினார். உள்ளே வீங்கி, துவாரம் ஊசித்துளை ஆகியிருந்தது. புது ஆயில் டாட் 4. அதற்குக் கொதிநிலை இன்னும் கூடுதல், புதுசில் 230, ஈரம் ஏறினால் 155. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட வேண்டும் என்று பாய் என் கையில் எழுதாத குறை.

பிறகு காற்று எடுப்பது. மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரமான இடது பின் சக்கரத்தில் ஆரம்பம். பையன் டீ வாங்கப் போயிருந்ததால் பெடல் டியூட்டி எனக்கு.

"அமுக்கு... அமுக்கு... பிடி! விடாதே!... இப்ப விடு."

நாலு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு தடவை. முடிந்து இறங்கும்போது என் வலது தொடை நடுங்கியது. அன்றைக்கு இறக்கத்தில் அந்தப் பெடலை இதைவிட வேகமாக மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கையும் கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் பார்த்துக் கொண்ட காலைத்தான் 'பலம் போச்சு' என்று தீர்ப்பு எழுதியிருந்தோம்.

கடைசியில் அட்ஜஸ்ட்மெண்ட். ஷூவைச் சக்கரம் பூட்டிக்கொள்கிற வரை இறுக்கி, மெல்லத் தளர்த்தி, கையால் சுற்றினால் 'உஸ்' என்று லேசாக ஓர் உரசல் கேட்கிற இடத்தில் நிறுத்தினார். "இத்த மட்டும் மாசம் ஒருக்கா பாத்துக்கினா பாதிப் பேருக்கு ஒர்க்‌ஷாப்பே வர வேணாம். என் பொழப்புதான் போயிடும்!"

* * *

புது லைனிங்கை உடனே மிரட்டக் கூடாதாம். இரண்டு நாள் விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது, ஐம்பதிலிருந்து இருபதுக்கு மிதமாகக் குறைப்பது, கொஞ்ச தூரம் ஆறவிடுவது, மறுபடி குறைப்பது. இருபது தடவை. சூடாக இருக்கும்போது பெடலை அழுத்திப் பிடித்தபடி நிற்கக் கூடாது. நான்தான் ஓட்டினேன். மூன்றாம் நாள் சாவியை அப்பாவிடம் நீட்டினேன்.

"எதுக்குப்பா? கால்ல பலம்..."

"சும்மா தெருமுனை வரைக்கும்."

தெருமுனை தி.நகர் வரை நீண்டது. பனகல் பார்க்குக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ, கையைக்கூடக் காட்டாமல் குறுக்கே வந்து நின்றது. அப்பா அமுக்கினார். டயர் ஒரு 'கீச்'. இடமும் இல்லை, வலமும் இல்லை. நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது பத்மினி. ஆட்டோவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடந்து போயிருக்கலாம். ஒரு அம்மாள் காய்கறிப் பையோடு நடந்தும் போனாள்.

அப்பா பெடலிலிருந்து காலை எடுத்தார். மறுபடி வைத்து லேசாக அமுக்கிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "லைனிங் என்ன விலை?"

"1,950, அப்பா."

"பில் இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பின்னால் இருபது வண்டி ஹார்ன் அடித்துக் கொண்டிருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கியரைப் போட்டார். நோட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இதனால் பத்மினி ரேஸ் கார் ஆகிவிடவில்லை. மழைக்காலத்தில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் இன்னமும் முதல் பிரேக் வழுக்குகிறது. பெடலை லேசாக உரசவிட்டே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைக்க வேண்டியிருக்கிறது. இன்றைய வண்டிகளின் தூரத்தில் நிற்கும் என்று நினைத்து அவற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு போக முடியாது. மலைக்குப் போனால் இறங்கும்போது பாதியில் வண்டியை ஓரங்கட்டி டீ குடிக்கிறோம், தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 2024-ல் ஏலகிரி போய்வந்தோம். பதினாலு வளைவும் அப்பாதான். நான் ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டியபடியே வந்தேன். யூகலிப்டஸ் வாசனைதான்.

மச்சான் அந்தத் தடவை வரவில்லை. "மாமாவை ஓட்ட விட்டீங்களா? தைரியம்தான்!" என்று போனில் சொன்னாராம் என் மனைவியிடம். அவளும் "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, ஏதோ டானிக் சாப்பிடறார் போல" என்றாளாம்.

என் மனைவி இந்தப் பத்திரிகையில் ஜோக்குகளை முதலில் படிப்பாள், தொடர்கதையை அடுத்து படிப்பாள், கடைசியில்தான் என் பக்கத்துக்கு வருவாள். எப்படியும் வியாழக்கிழமைக்குள் வந்துவிடுவாள். மச்சானுக்கு ஒரு பிரதியை நானே தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

மச்சான், இங்கு யாவரும் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல். நிற்க. அன்றைக்கு ஏற்காட்டில் பலம் இல்லாமல் போனது அப்பாவின் கால் அல்ல. 1,350 ரூபாய். அதை மிச்சம் பிடித்தது நான்.